வீடியோ புரிந்தது, ராடு ஒட்டிக்கொண்டது

வெல்டிங் பழகிய யாரைக் கேட்டாலும் முதல் நாள் கதை ஒன்றாகத்தான் இருக்கும். ஆர்க் மூட்டுவது எப்படி என்ற வீடியோவை முந்தின இரவே செல்போனில் பார்த்தாகிவிட்டது. ராடின் நுனியைத் தகட்டில் லேசாக உரச வேண்டும், பொறி பறந்ததும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்க வேண்டும், பிறகு சீராக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இவ்வளவுதானே! மறுநாள் பட்டறையில் ஹோல்டரைக் கையில் கொடுக்கிறார்கள். உரசியதும் ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது. திருகிப் பிடுங்கி மறுபடி உரசினால் மறுபடியும் ஒட்டுகிறது. பயந்து உயரத் தூக்கினால் ஆர்க் அணைந்துவிடுகிறது.

இதே மாணவரிடம் வீடியோ முடிந்த கையோடு ஒரு படிவம் நீட்டப்பட்டிருக்கும். “பாடம் தெளிவாக இருந்ததா? திருப்தியா?” அவர் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது. அப்படியானால் அந்த ஐந்து எதை அளந்தது?

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கி டி.எம்.டி. கம்பி தயாரிக்கும் ஆலைகள், அவற்றை ஒட்டி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். கொஞ்சம் உள்ளே போனால் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை. இங்கெல்லாம் வேலைக்கு வருபவர்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோக்காரர்கள், அப்ரண்டிஸ்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என்று எல்லாரும் உண்டு. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக வரும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தவர் கையில் செல்போன் இருக்கும். அதில் ஓடுவது பாதி நேரம் சினிமா, மீதி நேரத்தில் சி.என்.சி. புரோகிராமோ மோட்டார் வைண்டிங்கோ ஓடிக்கொண்டிருப்பதும் அபூர்வமில்லை. தொழில் கற்பதில் ஒரு பங்கு திரைக்குப் போய்விட்டது.

திரையில் பார்ப்பதையும் நேரில் செய்வதையும் திட்டமிட்டுச் சேர்க்கும் முறைக்குக் கலப்புக் கற்றல் என்று பெயர். பெயர் புதிதாகத் தெரிந்தாலும் நம் ஊரில் அதற்கு வேர் உண்டு. ஐ.டி.ஐ. பாடநூல்களையும் காட்சிப் பாடங்களையும் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஜெர்மனியின் உதவியோடு 1986 டிசம்பரில் தொடங்கப்பட்டு, 1999இல் தன்னாட்சி பெற்று, இன்று ‘நிமி’ என்று அழைக்கப்படும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் அது. சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் 2003 முதல் வளர்ந்தவை. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. ஏழு மாதத்தில் ஊரடங்கு வரும், அதுவே பல வீடுகளில் ஒரே வகுப்பறையாகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவை மாநில அரசு இலவசமாகத் தந்தது. அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துக் குறிப்பு, எந்தப் பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று முன்மொழிந்தது. அவசரத்துக்கு வந்த வீடியோ பாடத்திட்டத்திலேயே இடம்பிடித்தது இப்படித்தான்.

இடம்பிடித்த எதையும் மதிப்பிட வேண்டும் அல்லவா? நிர்வாகத்துக்குச் சுலபமாகக் கிடைக்கும் அளவுகோல் மாணவர் மனநிறைவு. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போட்டுக் கேட்கும் முறையை அமெரிக்க உளவியலர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்தினார். இன்று செல்போன் வாங்கினாலும் சர்வீஸ் சென்டர் போனாலும் நம்மைத் துரத்துவது அவர் கட்டங்கள்தான். தொழிற்பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிட வேண்டும் என்று 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் எழுதினார்: பயிற்சி பிடித்ததா, எதைக் கற்றார், வேலையில் அதைச் செய்கிறாரா, அதனால் ஆலைக்கு என்ன ஆயிற்று. முதல் படிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். நான்காவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, வெல்டில் எவ்வளவு கழிவு போயிற்று, எத்தனை மறுவேலை வந்தது என்று பார்க்க வேண்டும். ஆகவே ஊரெங்கும் முதல் படி மட்டும் ஜோராக நடக்கிறது.

மனநிறைவு என்பதே தனியாக நிற்கும் அளவும் இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியிலிருந்துதான் அது பிறக்கிறது என்று 1980இல் ரிச்சர்ட் ஆலிவர் நுகர்வோரைப் பற்றிச் சொன்ன கோட்பாடு மாணவர்களுக்கும் பொருந்தும். பள்ளியே மூடிக்கிடந்தபோது பார்த்த ஒரு பாடத்துக்கும், நல்ல ஆசிரியர் எதிரில் இருக்கையில் பார்த்த அதே பாடத்துக்கும் ஒரே மதிப்பெண் வராது. வீடியோவில் ஒரு நொடிகூட மாறியிருக்காது, பார்ப்பவரின் எதிர்பார்ப்பு மாறியிருக்கும்.

இனி சோதனைகளுக்கு வருவோம். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷானா கார்பென்டரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அதில் கருவி என்று எதுவும் இல்லை, ஒரு நிமிடச் சொச்சம் ஓடும் இரண்டு வீடியோக்கள்தான். கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை என மூன்று நிறம் கலந்த பூனைகள் ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருப்பது ஏன் என்பது பாடம். (அந்த ரோம நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டு எக்ஸ் இருந்தால்தான் கறுப்பும் செம்பழுப்பும் சேர்ந்து வர வழி உண்டு.) இரண்டு வீடியோவிலும் பேசுபவர் ஒருவரே, சொல்லும் வார்த்தைகளும் ஒன்றே. ஒன்றில் நிமிர்ந்து நின்று, கேமராவைப் பார்த்து, தங்குதடையின்றிப் பேசுகிறார். மற்றதில் குனிந்தபடி குறிப்பைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறார். யாருக்கு எந்த வீடியோ என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். சரளமான பேச்சைக் கேட்ட குழு, “இதில் எவ்வளவு எனக்கு நினைவிருக்கும்” என்று கணித்த அளவு, தடுமாறிய பேச்சைக் கேட்ட குழு கணித்ததைப் போல ஏறத்தாழ இருமடங்கு. சிறிது நேரம் கழித்துச் சோதித்தபோது இரண்டு குழுவும் நினைவில் வைத்திருந்ததில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இதைச் சரள மயக்கம் என்று அழைக்கலாம். ஒரு விஷயம் மூளைக்குள் சிரமமில்லாமல் நுழைந்தால், ‘இது எனக்குத் தெரிந்துவிட்டது’ என்ற உணர்வு கூடவே வருகிறது. நுழைந்தது தங்குமா என்பதைப் பற்றி அந்த உணர்வுக்கு எந்தத் தகவலும் கிடையாது. நல்ல ஒலி, தெளிந்த படம், பின்னணி இசை, முகமலர்ச்சியான ஆசிரியர் எல்லாம் நுழைவைச் சுலபமாக்குகின்றன. படிவத்தில் விழும் ஐந்து பெரும்பாலும் இந்தச் சுலபத்துக்கு விழுவதுதான்.

அந்தப் பாடம் பூனையைப் பற்றியது, காதால் கேட்டால் போதும். கைத்தொழிலில் மயக்கம் இன்னும் ஆழமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டஸும் எட் ஓ’பிரையனும் 2018இல் இதைச் சோதித்தார்கள். தட்டுகள் அடுக்கிய மேசையிலிருந்து விரிப்பை மட்டும் உருவும் வித்தையை ஒரு சாராருக்கு ஒருமுறையும் இன்னொரு சாராருக்கு 20 முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. அதே செய்முறையைப் படித்தவர்களுக்கும் அதே நேரம் மனதுக்குள் யோசித்துப் பார்த்தவர்களுக்கும் நம்பிக்கை அந்த அளவு ஏறவில்லை. திரும்பத் திரும்பக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் இந்த வேலை. அடுத்து டார்ட்ஸ் அம்பு எறிதல். இதில் நம்பிக்கையோடு நிறுத்தாமல் எறியவும் சொன்னார்கள். 20 முறை பார்த்தவர்கள் அதிகப் புள்ளி எடுப்போம் என்று சொன்னார்கள். எடுத்தது ஒருமுறை பார்த்தவர்கள் அளவுதான். மைக்கேல் ஜாக்சனின் ‘மூன்வாக்’ நடையிலும் இதே கதை. இந்த ஆய்வின் கடைசிப் பகுதியை எல்லாப் பட்டறைச் சுவரிலும் ஒட்டலாம். கட்டைகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் கையில் பிடித்துப் பார்க்க மட்டும் கொடுத்தார்கள். வீசக்கூடச் சொல்லவில்லை. எடையும் வழுவழுப்பும் உள்ளங்கைக்குத் தெரிந்ததுமே ஏறியிருந்த நம்பிக்கை இறங்கிவிட்டது.

ஏன் இப்படி? வெல்டிங்கையே எடுத்துப் பார்ப்போம். கேமராவுக்கு முன் வடிகட்டிக் கண்ணாடி வைத்து, வெளிச்சத்தைச் சரிசெய்து எடுத்த வீடியோவில் உருகிய உலோகக் குளமும், அதன் பின்னால் உறையும் வரியும், மேலே மிதக்கும் கசடும் தனித்தனியாகத் தெரியும். மாணவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினால் ஆர்க் பிடிக்கும்வரை கும்மிருட்டு. பிடித்ததும் ஒரு கூசும் புள்ளி. குளம் எது, கசடு எது என்று பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். மொத்தத்தில் வீடியோ அவருக்குக் காட்டியது கேமரா பார்த்த வெல்டிங்கை. அவர் கண் பார்க்கப்போகும் வெல்டிங் வேறு.

கண்ணுக்கே எட்டாத விஷயங்களும் உண்டு. ராடுக்கும் தகட்டுக்கும் இடையே விட வேண்டிய தூரம் ஏறக்குறைய ராடின் விட்டம் அளவு, அதாவது 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு மூன்று மில்லிமீட்டர்போல. ராடு எரிந்து குட்டையாகிக்கொண்டே வருவதால், அந்தத் தூரத்தைக் காக்கக் கை பக்கவாட்டில் நகரும்போதே கீழேயும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். கரண்ட் குறைவாக இருந்தாலோ நுனி தகட்டில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கினாலோ, தொட்ட இடம் உருகி அப்படியே உறைந்துவிடும். ராடு ஒட்டுவதன் காரணம் இதுதான். எவ்வளவு சீக்கிரம் தூக்க வேண்டும் என்பதைத் தசையும் மூட்டும் அனுப்பும் செய்தியை வைத்து மூளை கணிக்கிறது. உடல் தன் நிலையைத் தானே அறியும் இந்தப் புலனை உள்ளுணர்புலன் என்று சொல்லிக்கொள்வோம். திரை அந்தப் புலனுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதற்கு வராத செய்தி இல்லாத செய்தி என்றே பார்ப்பவர் எண்ணிக்கொள்கிறார்.

வீடியோவுக்குச் சொந்தமான இன்னொரு சங்கடமும் இருக்கிறது, அது நிற்காமல் ஓடும். நாம் ஒரு கணத்தில் மனதில் ஏந்தி வேலை செய்யக்கூடிய இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். அதன் கொள்ளளவு சுமார் நான்கு உருப்படிதான் என்று 2001இல் நெல்சன் கோவன் ஆதாரங்களைத் தொகுத்து எழுதினார். ஆம்பியர், ராடின் கோணம், ஆர்க் நீளம், நகர்த்தும் வேகம் என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது நிறைந்துவிடும். தண்ணீர் லாரியின் குழாயைத் திறந்து குறுகிய வாய்க் குடத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்று திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லாரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் குடத்துக்குள் போவது அதன் வாய் விடுகிற அளவுதான், மீதி காலடியில் ஓடும். புத்தகம் படிப்பவர் விட்ட வரிக்குத் திரும்பிப் போவார். வீடியோவிலும் போகலாம்தான். ஆனால் எல்லாம் புரிகிறது என்ற உணர்வு இருக்கும்போது ‘பாஸ்’ பொத்தானை யார் தொடுகிறார்கள்?

நீளம் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு எண் வந்து விழும்: ஆறு நிமிடம். இது 2014இல் பிலிப் குவோவும் வேறு இருவரும் செய்த ஆய்விலிருந்து வந்தது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர்கள் தங்கிய இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. பளபளப்பான ஸ்லைடுகளைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவில் அதிக நேரம் தங்கினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அதைச் சட்டமாக்கிவிட்டது நம்மவர்களின் அவசரம். அவர்கள் அளந்தது தங்கிய நேரத்தை, கற்ற அளவை அல்ல. பார்த்தவர்களும் விரும்பினால் பாதியில் விலகிவிடக்கூடிய இலவசப் பாட மாணவர்கள். மாதச் சம்பளத்துக்கு ஐ.டி.ஐ. சான்றிதழை நம்பியிருக்கும் கவரைப்பேட்டைப் பையனின் ஆறு நிமிடமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கற்ற அளவையும் கற்ற உணர்வையும் அருகருகே வைத்து அளந்த சோதனை ஹார்வர்டில் நடந்தது. லூயி டெலோரியே குழு 2019இல் வெளியிட்டது. அறிமுக இயற்பியல் வகுப்பை இரண்டாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அனுபவம் மிக்க ஆசிரியர் கணக்குகளைத் தானே அழகாகப் போட்டுக் காட்டினார். மறுபாதிக்கு அதே கணக்குகள், அதே தாள்கள். ஆனால் முதலில் மாணவர்களே சிறு குழுக்களாக முட்டிமோத வேண்டும், பிறகுதான் விளக்கம். அடுத்த வகுப்பில் வேறு பாடம், குழுக்கள் இடம் மாறின. எனவே கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. இரண்டு முறையும் தேர்வில் முன்னால் நின்றவர்கள் முட்டிமோதியவர்கள். “நிறையக் கற்றேன்” என்ற கேள்விக்கு அதிக மதிப்பெண் போட்டவர்களோ உட்கார்ந்து கேட்டவர்கள்! மூளை சிரமப்பட்டதைக் கல்லாமையின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். படிவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கும் நிர்வாகி இந்த இரண்டில் எதைத் தொடர்வார், எதை நிறுத்துவார் என்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியருக்கு மாணவர் போடும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்பதற்கும் கணிசமான தொடர்பு உண்டு என்றுதான் முன்பு நம்பப்பட்டது. பாப் உட்டலும் சகாக்களும் 2017இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்பத் தொகுத்துப் பார்த்தபோது, சிறிய ஆய்வுகளின் ஏற்றத்தாழ்வைக் கழித்தால் தொடர்பு கிட்டத்தட்ட மறைந்துவிடுவதாகக் கண்டார்கள்.

அப்படியானால் மனநிறைவுப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா? கூடாது. மாணவர் ஒரு சாட்சி. எந்தச் சாட்சியையும் அவர் நேரில் கண்டதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். குரல் கேட்டதா, எழுத்து செல்போன் திரையில் படிக்க முடிந்ததா, வேகம் அதிகமா, மொழி விளங்கியதா, பாதியில் டேட்டா தீர்ந்ததா: இவை அவர் நேரில் அனுபவித்தவை, அவரைவிட நம்பகமான சாட்சி கிடையாது. நிமி போன்ற நிறுவனங்களின் பாடம் பல மொழிகளுக்குப் போகிறது. ஒரு வீடியோ தமிழில் ‘தேய்மானம்’ என்கிறதா, பட்டறையில் எல்லாரும் சொல்லும் ‘வியர்’ என்கிறதா என்பதற்குப் பதில் மாணவரிடம்தான் இருக்கிறது. “எவ்வளவு கற்றீர்கள்” என்பது மட்டும் அவரால் பார்க்க முடியாத இடத்தில் நடக்கும் விஷயம். அதை அவரிடம் கேட்காமல், செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

மனநிறைவுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பார்ப்பவருக்கு வீடியோ எரிச்சலூட்டினால் நாளை திறக்கவே மாட்டார். திறக்காதவருக்கு எந்தக் கற்பித்தல் உத்தியும் உதவாது. ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. படிவம் நிரப்புபவர்கள் கடைசிவரை தங்கியவர்கள். விட்டுப் போனவர்களின் அதிருப்தி கணக்கிலேயே வராது. எஞ்சியோர் சார்பு என்று இதற்குப் பெயர் வைக்கலாம். ஊரடங்குக் காலத்தில் நடந்த ‘அசர்’ கல்வி ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறத்தில் பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டினர் 2018இல் 36.5 சதவீதம், 2020இல் 61.8 சதவீதம். ஏற்றம் பெரியது. என்றாலும் ஐந்தில் இருவர் அப்போதும் வெளியே. அந்த 2020 ஆய்வே தொலைபேசி வழியாகத்தான் நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்தப் போனும் இல்லாத வீட்டை அது கூப்பிட்டிருக்கவே முடியாது.

சரி, மயக்கத்தை எப்படிக் கலைப்பது? பதில் எரிச்சலூட்டும் அளவுக்குச் சாதாரணமானது: நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது. கார்ல் ஷ்புனரும் சகாக்களும் 2013இல் புள்ளியியல் பற்றிய 21 நிமிட வீடியோவை நான்கு துண்டாக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் சிறு தேர்வு. தேர்வு எழுதியவர்களுக்கு மனம் அலைபாய்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, கடைசித் தேர்வில் மதிப்பெண்ணும் உயர்ந்தது. அதற்கு முன்பே 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் ஒரு கட்டுரைப் பகுதியை வைத்துச் செய்த சோதனை பிரபலம். ஒரு குழு அதைத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்பப் படித்தவர்களே முன்னால்: 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56. நினைவைத் தோண்டி வெளியே எடுக்கும் வேலையே நினைவைப் பலப்படுத்துகிறது. இதை மீட்டெடுப்புப் பயிற்சி என்கிறோம். வீடியோ முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் நீட்டப்படும் படிவம் ஏன் தவறான குதிரையில் பணம் கட்ட வைக்கிறது என்பதும் இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

என்.பி.டி.இ.எல். சான்றிதழ்ப் பாடங்கள் 2014இல் தொடங்கியபோது இந்த மீட்டெடுப்பைக் கட்டமைப்பிலேயே வைத்தன. வீடியோ வாரந்தோறும் வரும், அதோடு ஒப்படைப்பும் வரும், கடைசியில் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண்ணில் கால்பங்கு ஒப்படைப்புக்கு, முக்கால்பங்கு தேர்வுக்கு. ‘வீடியோ பார்த்தேன்’ என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. அமெரிக்கக் கல்வித் துறைக்காக பார்பரா மீன்ஸ் குழு 2010இல் தொகுத்த அறிக்கையில், வெறும் நேரடி வகுப்பைவிடக் கலப்பு முறை சற்று மேலானது என்று தெரிந்தது. அதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் அடுத்த வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: கலப்பு வகுப்புகளில் மாணவர்கள் செலவிட்ட நேரமும் கிடைத்த பாடப்பொருளும் அதிகம், எனவே வெற்றியை ஊடகத்தின் கணக்கில் எழுத முடியாது என்று அறிக்கையே சொல்கிறது. கலப்பு என்ற பெயரில் பட்டறை நேரத்தை வெட்டி அந்த இடத்தில் வீடியோவைச் செருகினால், அந்த அறிக்கையின் துணை அதற்குக் கிடையாது.

தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் ‘தொழில் 4.0’ மையங்களாக மேம்படுத்தும் திட்டம் வந்திருக்கிறது. ரோபோவும் சி.என்.சி. எந்திரமும் வருவது நல்லதுதான். அவற்றின் பக்கத்தில் ஓடப்போகும் வீடியோவை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்குக் கோடி எதுவும் தேவையில்லை. அம்பத்தூரிலோ வேறெங்கோ ஒரு வெல்டிங் பயிற்றுநர் இப்படிச் செய்யலாம்: ராடு தகட்டைத் தொடும் நொடியில் வீடியோவை நிறுத்தி, “அடுத்து என்ன தப்பு நடக்கும், ஏன்?” என்று எழுதச் சொல்லலாம். பிறகு கரண்ட் இல்லாத ஹோல்டரில் ராடைப் பொருத்தி ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிமிடம் கொடுக்கலாம். சிகாகோவில் கட்டை செய்த வேலையை அது செய்யும். அதன்பின் உண்மையான ஆர்க், நிறைய ஒட்டல். ஒட்டிய பிறகு அதே வீடியோவை மறுபடி போட்டால் மாணவர் பார்ப்பது வேறு வீடியோவாக இருக்கும். முதல் தடவை பின்னணியாகக் கடந்துபோன அந்த மணிக்கட்டு அசைவை இப்போது தேடிப் பிடிப்பார். உருகிய குளத்தைப் பெரிதாக்கி மெதுவாகக் காட்டும் சக்தி பயிற்றுநரின் விரலுக்குக் கிடையாது, வீடியோவுக்கு உண்டு. நான் வீடியோவை முன்னால் வைப்பதைவிட நடுவிலும் பின்னாலும் வைக்கவே விரும்புவேன்.

சரளத்தைக் கற்றலாக எண்ணும் இந்தப் பிழையின் விலை ஐ.டி.ஐ.யில் சில ராடுகள். ஆலை வாசலில் அது பெரிது. வேலைக்கு வரும் முதல் நாள், ஒப்பந்தத் தொழிலாளர்களை ஓர் அறையில் உட்கார வைத்துப் பாதுகாப்பு வீடியோ போடுவது வழக்கம். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் மாட்டுவது, உருகிய இரும்பின் அருகே ஈரத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது, தீயணைப்பானின் பின்னை இழுப்பது எல்லாம் அதில் வரும். முடிந்ததும் “புரிந்தது” என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. இந்தி தெரிந்தவருக்கு இந்தி வீடியோ, ஒடியாக்காரருக்கு ஒடியா வீடியோ என்று வைத்தாலும் அந்தக் கையெழுத்து அளப்பது சரளத்தைத்தான். பெல்ட்டின் தோள்பட்டியை எல்லாரும் மாட்டுவார்கள், தொடைப்பட்டியை இறுக்காமல் விடுபவர் அதை மாட்டிக் காட்டும்போதுதான் தெரிவார். கையெழுத்து வாங்கும் மேசையில் ஒரு பெல்ட்டும் ஒரு தீயணைப்பானும் வைத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கணக்குப் போட்டால், 40 பேர் வரிசைக்கு ஒரு மணி 20 நிமிடம் ஆகும். முதல் நாள் ஷிஃப்டை அந்த நேரத்தைக் கழித்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டியிருக்கும்.